முதலில் நடக்க வேண்டியவர் யார்?

மத்தேயு சுவிசேஷத்தை இலக்கியமாக ஆராயுங்கால் ஒரு நுட்பம் புலனாகின்றது. தன்மீது சகோதரனுக்குக் குறையுண்டென நினைவு வந்தவன், காணிக்கையைப் பலிபீடத்தருகே விட்டுச் சென்று முதலில் ஒப்புரவாக வேண்டுமென்பது 5-ஆம் அதிகாரம். தீங்குற்றவனே சென்று, தனிமையில் குற்றத்தை உணர்த்த வேண்டுமென்பது 18-ஆம் அதிகாரம். இரண்டையும் இணைத்துப் படிப்போர்க்கு, ‘அவன் வரட்டும்’ என்று காத்திருக்க இடமேயில்லை.

வீட்டுப் பகைக்குரிய இந்நீதி நாட்டுப் பகைக்கும் பொருந்துமென்பதற்கு நமது சுங்கை சிப்புட்டே சான்று. 1948 ஜூன் 16-இல் இங்குள்ள தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் தொடங்கிற்று. 1955-இல் பாலிங்கிற் கூடிய இரு திறத்தாரும் உடன்பாடின்றிப் பிரிந்தனர். சமாதான உடன்படிக்கை 1989 டிசம்பர் 2-இல், ஹாட்யாயிலேதான் கையெழுத்தாயிற்று. இடையிற் கழிந்தவை 41 ஆண்டுகள்!

குற்றத்தை மூடி மறைத்தல் மன்னிப்பன்று. சபை நடுவே இகழ்தல் திருத்தமுமன்று. ஒரே லயத்திலிருந்தும் பேசாதிருக்கும் அன்பர்கள், இவ்விரு அதிகாரங்களையும் சேர்த்தே படிப்பாராக.