யாவரும் கற்க வேண்டுவது யாது?

பல்கலைக்கழகம் தன் மாணவர்க்கு இருவகைப் பாடங்களை விதிக்கின்றது. மாணவர் விரும்பித் தெரிந்த துறைக்குரியன ஒருவகை; எத்துறையினராயினும் கற்றேயாக வேண்டும் என்று விதிக்கப்படுவன மற்றொருவகை. முன்னையதைப் பற்றித் துறையறிஞர் ஓயாது வாதிடுவர். பின்னையதைப் பற்றிப் பேசுவாரோ மிகச் சிலர். கால அட்டவணையில் எஞ்சிய வேளையை நிரப்பும் பாடமாகவே அது பெரும்பாலும் கருதப்படுகின்றது. எனினும், பட்டதாரிகள் அனைவருக்கும் பொதுவாய் இருக்கவேண்டிய அறிவு யாது என்ற வினாவுக்குப் பல்கலைக்கழகம் அளிக்கும் விடை அப்பாடமே. ஆதலின் அதனை ஆராய்தல் நம் கடனாகும்.

இவ்வினா பிற நாடுகளிலும் எழுந்ததுண்டு. அமெரிக்காவில் கொலம்பியாக் கல்லூரி 1919இல் சமகால நாகரிகம் பற்றிய பொதுப்பாடம் ஒன்றைத் தொடங்கியது. ஹாவாட் பல்கலைக்கழகத்தின் குழுவொன்று பொதுக்கல்வி பற்றிய தன் அறிக்கையை 1945இல் வெளியிட்டது. இந்தியாவில் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணைக்குழுவும் பொதுக்கல்வியை வற்புறுத்திற்று. ஆயினும் இதற்கு நாம் அந்நாடுகளைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. நம் குடாநாட்டிலேயே பழைய சான்று உண்டு.

1823இல் அமெரிக்க மிஷனார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. கிறித்தவ வேதமும் உடன் கற்பிக்கப்பட்டது. பாடங்களை விதித்தோரின் நோக்கம் மதம் பரப்புதல் என்பதை நாம் அறிவோம். வானியலைக் கற்பித்ததிலும் புராணங்கள் கூறும் உலக அமைப்பை மறுக்கும் எண்ணம் கலந்திருந்தது. எனினும் அங்குக் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர்ச் சட்டமும் பயின்றார். 1887இல் கலித்தொகையையும் 1889இல் சூளாமணியையும் பதிப்பித்தார். கணிதத்தையும் தமிழையும் ஒருங்கு கற்ற உள்ளம், ஏட்டுச்சுவடிகளை ஒப்பு நோக்கும் கடும்பணிக்கு ஏற்றதாயிற்று எனல் தவறாகாது. இக்கல்வி தம் சமயப்பணிக்கு உதவவில்லை என்ற ஐயம் மிஷன் தலைவர்க்கு எழவே, 1855இல் செமினரி மூடப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. பொதுப்பாடத்தை விதிப்போர்க்கு எப்போதும் ஒரு நோக்கம் உண்டு. அதனை வெளிப்படையாகக் கூறுமாறு கேட்டல் நம் உரிமை என்பது ஒன்று. நன்கு கற்பிக்கப்படும் பாடம் விதித்தோரின் நோக்கத்தையும் கடந்து பயன் தரும் என்பது மற்றொன்று.

இனி இன்றைய நிலையை நோக்குவோம். நம் மாணவர் பதினாறு வயதளவிலேயே கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை எனப் பிரிக்கப்படுகின்றனர். க.பொ.த. உயர்தரத்தில் நான்கு பாடங்கள் மூன்றாகக் குறைக்கப்பட்ட பின்னர் இப்பிரிவு மேலும் இறுகிற்று. பொது அறிவைச் சோதிக்கப் பொதுச் சாதாரண பரீட்சை வைக்கப்பட்டது. அதில் நூற்றுக்கு முப்பது புள்ளி போதுமெனவும் விதிக்கப்பட்டது. பொது ஆங்கிலமோ இசற் புள்ளியிற் சேர்வதில்லை. சேராத பாடத்தை மாணவர் படியார் என்பதை வகுப்பறையில் நிற்கும் எந்த ஆசிரியரும் அறிவர். பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் இவ்வழக்கமே தொடர்கின்றது. ஆங்கிலம் முதலியன கட்டாயம் என்பர். ஆனால் அவற்றைத் தரப்புள்ளிச் சராசரியிற் சேர்க்கமாட்டார். கட்டாயம் என்று ஒரு வாயாலும் பொருட்டன்று என்று மறுவாயாலும் கூறுதல் கல்வியாகாது.

அங்ஙனமாயின் எதனை விதித்தல் வேண்டும்? எல்லாத் துறையிலும் சிறிது சிறிது சுவைக்கக் கொடுத்தல் நன்று என்பர் சிலர். அஃது எத்துறையையும் அறியாத அரைகுறை அறிவிலேயே முடியும். துறையறிஞர் ஒருவர் தனித்துத் தீர்க்கவியலாத பொதுக் காரியங்களை ஆராய்ந்து முடிவு காணும் பயிற்சியே பொதுப்பாடமாதல் வேண்டும் என்பது எமது கருத்து.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். நம் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கற்பாறையில் தங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஊற்று. உப்பாற்றுக் கடனீரேரி யாழ்ப்பாணக் கடனீரேரியோடு கூடுமிடம் எங்கள் அரியாலைப் பக்கத்தது. உவர்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்க அங்கே தடுப்பணை கட்டப்பட்டது. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, அந்நீரை வடமராட்சி, உப்பாற்றுக் கடனீரேரிகளுக்குக் கொணரும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்தார். அது முற்றுப்பெறாமல் நெடுங்காலம் கிடந்தது. இதனைச் செய்வதா, விடுவதா? அணையின் வலிமையைப் பொறியியலார் கூறுவர். உரத்தால் கிணற்றில் நைத்திரேற்று மிகுவதை இரசாயனவியலார் கூறுவர். செலவையும் பயனையும் பொருளியலார் கணிப்பர். ஆனால் நெல் விளைப்போர் நலத்தையும் கடனீரேரியில் இறால் பிடிப்போர் நலத்தையும் சீர்தூக்குதல் எவரது துறை? அது குடிமக்கள் அனைவரதும் துறை. இத்தகைய வினாவொன்றை எடுத்து, எண்களைச் சோதித்து, எதிர்க்கட்சியாரின் நியாயத்தைக் கேட்டு, தமிழிலே தெளிவாக எழுதி நிறுவும் ஆற்றல் பெறாதார், துறையில் எத்துணை வல்லவராயினும் கல்வி நிரம்பினவர் ஆகார்.

ஆகவே பொதுப்பாடங்கள் மூன்று போதும். தாய்மொழியில் வாதத்தை ஒழுங்குபெற எழுதுதல் ஒன்று. எண்ணையும் சான்றையும் சோதித்தறிதல் மற்றொன்று. இந்நாட்டின் வரலாற்றையும் நம்முடன் வாழும் பிற இனத்தாரின் மொழியையும் அறிதல் மூன்றாவது. தமிழ் மாணவர் சிங்களத்தையும் சிங்கள மாணவர் தமிழையும் ஓரளவேனும் கற்றிருப்பின், நாடு பட்ட துயரங்களுட் சில குறைந்திருக்கவும் கூடும்.

இவற்றுக்கு நேரமில்லை என்பர் துறையாளர். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்கு 120 கிரெடிட்டுகள் வேண்டும். ஒரு கிரெடிட் 50 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். மூன்று பாடங்களுக்கும் நான்கு நான்காகப் பன்னிரண்டு ஒதுக்கினால் மொத்தத்தில் அது பத்திலொரு பங்கே. விளைச்சலிற் பத்திலொரு பங்கை விதைநெல்லுக்கென ஒதுக்க எந்த உழவர் மறுப்பார்?

பங்கை ஒதுக்கினால் மட்டும் போதாது. நியமனத்தை எதிர்பார்த்திருக்கும் இளம் விரிவுரையாளரிடம் இப்பாடங்களை ஒப்படைத்துவிட்டு மூத்த பேராசிரியர் ஒதுங்குதல் ஆகாது. அவர்களே முன்னின்று கற்பித்தல் வேண்டும். புள்ளிகள் பட்டத்தின் தரத்திற் சேர்தல் வேண்டும். குறிப்பை மனனஞ் செய்து ஒப்பிக்கும் வினாத்தாளை விடுத்து, மாணவர் தாமே எழுதிய கட்டுரையைத் திருத்தித் திருத்தி வளர்க்கும் முறை வேண்டும்.

வெளிவாரியாகப் பட்டம் பயில்வோரையும் இங்கு நினைவுகூர்தல் தகும். அவர்க்கு விரிவுரை மண்டபமில்லை. நூலும் பழைய வினாத்தாளுமே ஆசான். பொதுப்பாடத்துக்கெனச் செவ்விய தமிழ்நூல்களைப் பல்கலைக்கழகமே ஆக்கி வெளியிடுமாயின், உள்வாரி மாணவரினும் அவரே மிகுதியாகப் பயன்பெறுவர். பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாவலர் பாலபாடங்களை இயற்றி அச்சேற்றினார். பாடத்தை விதிப்பவர் அதற்குரிய நூலையும் ஆக்கித்தருதல் வேண்டும் என்பதே அவர் காட்டிய நெறி. பல்கலைக்கழகத்தார் அந்நெறியைப் பின்பற்றும் நாளில், கட்டாயம் என்னும் சொல்லுக்கு அஞ்சும் மாணவர் தொகை குறையும். பட்டம் பெற்றோர் ஒருவர் சொல்வதை மற்றவர் விளங்கிக்கொள்ளும் நிலையும் இந்நாட்டில் உண்டாகும்.