தலையில் ஊற்றிய தண்ணீர்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ ஆனந்த விகடனில் வெளிவந்தது 1966இல். அதைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது என்று பொதுவாக ஒரு எண்ணம் இருக்கிறது. எதிர்த்தவர்கள் பண்பாட்டின் பெயரால் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் முற்போக்கின் பெயரால் ஆதரித்தார்கள். மழையில் ஒதுங்கி நின்ற கல்லூரிப் பெண் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறியது சரியா. காருக்குள் நடந்ததற்கு அவள் இசைந்தாளா. தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றிச் சுத்தமாகிவிட்டாய் என்றது நியாயமா. விவாதம் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே நின்றது. இவற்றில் முதல் இரண்டும் போலீஸ் கேள்விகள், மூன்றாவது புரோகிதர் கேள்வி. இலக்கியக் கேள்வி ஒன்றுகூட இல்லை என்பது அப்போது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

கதை காருக்குள் நிகழ்வதைச் சொல்லும் இடத்தில், பெண்ணின் மறுப்பையும் பயத்தையும் பிரமிப்பையும் பிரித்தறிய முடியாதபடி சொல்லிக்கொண்டு போகிறது. இது கலையின் நுட்பமா, ஆண் எழுத்தாளனின் சௌகரியமா என்று நாம் சண்டையிட்டுக்கொள்ளலாம். எனக்கு இரண்டும் கலந்திருப்பதாகவே படுகிறது. ஆனால் அந்தத் தெளிவின்மையை நமது வாசகர்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. அவள் கத்தவில்லை, கதவைத் திறந்துகொண்டு ஓடவில்லை, ஆகவே இசைந்தாள். இந்தத் தர்க்கம் விகடன் வாசகர்களுக்கு மட்டும் உரியதல்ல. துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதே தர்க்கத்தால்தான் இரண்டு போலீஸ்காரர்களை விடுதலை செய்தது. ஆதிவாசிச் சிறுமி, இடம், இரவு நேரத்துப் போலீஸ் நிலையம், உடம்பில் காயம் இல்லை, கூச்சல் இல்லை, ஆகவே சம்மதம். (இந்த வழக்கை எல்லோரும் அந்தப் பெண்ணின் பெயராலேயே சொல்லி வருகிறார்கள். வழக்கின் தலைப்பில் இருப்பது போலீஸ்காரனின் பெயர். அதையே சொல்வோம்.)

அந்தத் தீர்ப்புக்கு எதிராக உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979 செப்டம்பரில் தலைமை நீதிபதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தை நான் ஒரு முதல்தரமான விமர்சனக் கட்டுரையாகவே மதிக்கிறேன். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு சொல் வேறொரு சொல்லின் இடத்தில் எப்படித் திருட்டுத்தனமாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுவதுதானே விமர்சனம்? பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்றார்கள். அவ்வளவுதான். 1983இல் சட்டம் திருத்தப்பட்டதற்குப் பின்னால் அந்த ஒரு வேறுபாடும், அதைத் தெருவுக்குக் கொண்டுவந்த பெண்களும் இருந்தார்கள். எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்தாள் என்று கொள்ளலாகாது என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுத 2013 வரை ஆயிற்று. நமது கதை விமர்சனத்தில் அது இன்னும் எழுதப்படவில்லை.

இனி அந்தத் தண்ணீர்.

கதையின் மிகச் சிறந்த விவரம் எது என்று கேட்டால் நான் சூயிங்கம்மைத்தான் சொல்வேன். அவன் கொடுத்தது, வீடு திரும்பிய பிறகும் பெண்ணின் வாயில் இருக்கிறது. தாய் அதைத் துப்பச் சொல்கிறாள். நடந்ததன் அசட்டுத்தனம், கொடூரம், அவள் வயது எல்லாம் அந்த ஒரு துண்டு ரப்பரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கு ஈடான இடம் கதையில் இன்னொன்று இல்லை. பெண் அழுகையினூடே சொல்லிவிடுகிறாள். அடி விழுகிறது. பிறகு தாய் சுதாரிக்கிறாள். அண்டை அயலாரிடம் பொய் சொல்லி மறைக்கிறாள். மகளைக் கொண்டுபோய் உட்காரவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறாள். அதன்பின் பேச்செல்லாம் தாயுடையது; அகலிகை வருகிறாள், ராமனின் பாத தூளி வருகிறது. அந்தத் தாயின் அன்பைச் சந்தேகிக்க முடியாது. 1966இல் ஒரு விதவைத் தாய் வேறெதைச் செய்திருந்தாலும் மகள் அழிந்திருப்பாள் என்பதும் உண்மை. எனினும் கழுவுவது என்றால் அங்கே அழுக்கு இருந்தது என்றுதானே அர்த்தம்? யார் மேல் அழுக்கு? காரை ஓட்டிக்கொண்டு போனவன் மேல் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

அகலிகையைத் தாய் இழுத்ததும், தலைப்பில் சீதையின் நெருப்பை வைத்ததும் ஜெயகாந்தனுக்கு வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் 23 ஆண்டுகளுக்கு முன்பே, 1943இல், புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்தில் இந்த இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசவிட்டுவிட்டார். சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். உலகத்துக்கு நிரூபிக்க ஒரு பெண் நெருப்பில் இறங்க வேண்டும் என்றால், தனக்குக் கிடைத்த மன்னிப்பின் மதிப்பு என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பின் எழுதப்பட்ட ‘அக்கினிப் பிரவேசம்’ நெருப்பைத் தண்ணீராக மாற்றியது. சூடு குறைந்தது, சோதனை போகவில்லை. தமிழ்ச் சிறுகதை இந்த விஷயத்தில் முன்னே போய்ப் பின்னே வந்திருக்கிறது என்பேன்.

இதைச் சொல்லாடல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நமது தினசரிகள் வெகுகாலம் ‘கற்பழிப்பு’ என்று எழுதி வந்தன. குற்றம் செய்தவன் ஒருவன், ஆனால் அழிந்தது அவளிடம் இருந்த ஒரு பொருள்! சொல்லே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. ஆஸ்பத்திரியிலோ இந்தச் சொல்லுக்கு ஒரு கையும் இருந்தது. இரண்டு விரல் பரிசோதனை என்ற பெயரில், புகார் கொடுக்க வந்த பெண் உடலுறவுக்குப் பழக்கப்பட்டவளா என்று டாக்டர்கள் சோதித்துக் குறிப்பு எழுதினார்கள். அக்கினிப் பிரவேசத்தின் ஆஸ்பத்திரி வடிவம். அது பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அதை விலக்கின. பிறகும் நடந்ததால்தான் 2022இல், அதைச் செய்பவர் ஒழுங்கீனம் புரிந்தவராவார் என்று நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. அந்த 2014 நெறிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவளைக் கேட்க வேண்டும். அவள் எதையும் மறுக்கலாம். மறுத்தாலும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. தடயம் 96 மணி நேரம் வரை சேகரிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. தாய் ஊற்றிய தண்ணீர் எதையெல்லாம் கழுவியது என்று யோசிக்கிறவர்களுக்கு இது ஒரு கசப்பான அடிக்குறிப்பு. ஆனால் நான் வற்புறுத்துவது தடயத்தை அல்ல, கேட்பதை. தண்ணீர் ஊற்றட்டுமா என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

தாய் செய்த இன்னொரு காரியம் மறைத்தது. யாரிடமும் சொல்லாதே என்பது ஒரு கட்டளை. இதையும் சட்டம் தரும் மறைவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. 1983 திருத்தம் பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதையின் 72ஆம் பிரிவில் இருக்கிறது. அவளே எழுத்துமூலம் அனுமதித்தால் வெளியிடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சாவி அவள் கையில். தாயின் ரகசியத்தில் சாவி தாயின் முந்தானை முடிச்சில் இருக்கிறது. வித்தியாசம் இதுதான், இது சின்ன வித்தியாசமல்ல.

அந்தச் சாவியை நாம் எப்படிப் பிடுங்கினோம்? 2019இல் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். போலீஸ் அதிகாரி பத்திரிகையாளர்களிடம் அவர் பெயரைச் சொன்னார். வழக்கை மாற்றிய அரசாணையும் சொன்னது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லிற்று. இதற்கிடையில் வேறொன்றும் நடந்தது. ஒரு பெண் கெஞ்சுகிற குரல் தமிழ்நாடு முழுவதும் கைபேசிகளில் சுற்றியது. லட்சக்கணக்கான பேர் கேட்டார்கள். அனுதாபத்தோடு கேட்டோம் என்பார்கள். அது கேட்பதாகுமா? அவள் நம்மிடம் எதுவும் சொல்லவில்லை; நாம் ஒட்டுக்கேட்டோம். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தபோது, சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். ஆறு வருஷம் அந்தப் பெண்கள் அறைக்குள் உட்கார்ந்து, தம்மைக் கேட்கக் கடமைப்பட்டவர்களிடம் மட்டும் சொல்லி முடித்திருக்கிறார்கள். அந்த உரைநடை நமக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

கிடைத்தது வேறொரு உரைநடை. 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி தாக்கப்பட்டார். அவர் புகாரின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியாயிற்று. பழைய சட்டத்திலிருந்து புதியதற்கு மாறியதில் நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். கோளாறு கணினியில் மட்டும் இல்லை. அந்த அறிக்கையின் நடை பெண்ணையே குற்றவாளிபோல் காட்டுகிறது என்று உயர் நீதிமன்றம் கண்டித்தது. ஒரு பெண் சொன்னதை ஒரு காவல் நிலையம் எழுதுகிறது; எழுதும்போது, நம் கதைசொல்லி காருக்குள் செய்ததையே செய்கிறது. அவள் வாக்கியத்தை எடுத்துத் தன் இலக்கணத்தில் போடுகிறது. முதல் தகவல் அறிக்கை என்ற இலக்கிய வகையைப் பற்றி நமது விமர்சகர்கள் யோசித்ததில்லை. இந்த நாட்டில் அதிகம் எழுதப்படும் சிறுகதை அதுதான். குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஐந்தே மாதத்தில் என்று பாராட்டினார்கள். சரி. ஆனால் அந்த நடைக்கு யார் தண்டனை தருவது?

ஜெயகாந்தனுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அவர் தன் கதையைத் தானே சந்தேகித்தவர் என்பதைச் சொல்ல வேண்டும். ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளில் தாய் தண்ணீர் ஊற்றவில்லை, ஊர் கூட அலறிவிடுகிறாள். அண்ணன் விரட்டுகிறான். மாமாவின் தயவில் கங்கா படிக்கிறாள், உத்தியோகத்துக்குப் போகிறாள். அந்த மாமாவே ஒரு கையில் மனுவையும் மறு கையில் அவள் தோளையும் பிடித்திருப்பவர். தன்னைக் கெடுத்தவனையே தேடிக் கண்டுபிடி என்ற சவாலும் அவருடையதுதான். கங்கா போகிறாள், நாவலும் பின்னாலேயே போய்விடுகிறது. அங்கேதான் எனக்கு அதோடு உடன்பாடு இல்லை. அவள் வாழ்வின் விடை அவனிடம்தான் இருக்கிறது என்பது மாமாவின் சித்தாந்தம். அதை எதிர்ப்பதுபோல் தொடங்கிய நாவல் அதையே நிறைவேற்றி வைக்கிறது. 1972இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்ததும், 1977இல் படமாக வந்து லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்ததும் வேறு விஷயம்.

ஆனால் அந்த நாவலில் மறக்க முடியாத ஒரு இடம் இருக்கிறது. கங்கா ஒரு பத்திரிகையில் ஒரு கதையைப் படிக்கிறாள். தனக்கு நடந்தது போலவே. ஆனால் அதில் தாய் மகளைக் காப்பாற்றிவிடுகிறாள். அதைத் தன் தாயிடமே காட்டுகிறாள். வருஷக்கணக்கில் ஒரு மனிதப் பிறவியும் அவளைக் கேட்கவில்லை. அச்சடித்த காகிதம் ஒன்று கேட்டதுபோல் இருந்திருக்கிறது. இலக்கியத்தால் என்ன பிரயோஜனம் என்று நமது கூட்டங்களில் நடு இரவு வரை அடித்துக்கொள்கிறோமே, அதற்கு இதைவிட நேரான பதிலை நான் தமிழில் படித்ததில்லை.

கல்லூரிகள் இதில் எங்கே வருகின்றன? 1998இல் சென்னையில் ஒரு மாணவி சீண்டலின் விளைவாக இறந்தபின் தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் ‘ஈவ் டீசிங்’ தடை. ஏவாள் பெயரைப் போட்டு, விளையாட்டாகச் சீண்டுவதாக ஒரு சொல். பிற்பாடு பெயரை மாற்றினார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘சக்ஷம்’ அறிக்கை 2013இல், பாதுகாப்பு என்ற பெயரில் மாணவிகளைக் கண்காணிப்பதும் அடைத்துவைப்பதும் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. 2015 விதிகள் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்விசாரணைக் குழு வேண்டும், மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் அதில் உட்கார வேண்டும் என்றன. நவீன கவிதை பற்றிப் பேசப் போன ஒரு கல்லூரியில் அந்தக் குழுவின் பெயர்ப்பட்டியலைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். பலகை இருந்த இடம் முதல்வர் அறைக்கும் துறைத்தலைவர் அறைக்கும் நடுவில். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள ஒரு பெண் அங்கே எவ்வளவு நேரம் நிற்க முடியும்? மாணவர் பெயர் அதில் ஒன்றுகூட இல்லை. ஏதாவது நடந்தால் விடுதிக் கதவு அரை மணி முன்னதாக மூடப்படும். அக்கதவுக்கு வெளியே திரிகிற ஆண் பிள்ளைகளிடம் யாரும் எதுவும் பேசுவதில்லை.

‘அக்கினிப் பிரவேசம்’ ஒரு பெண்கள் கல்லூரியின் பஸ் நிறுத்தத்தில் தொடங்குகிறது. வண்ண வண்ணமாக மாணவிகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். கதைக்கு அவர்கள் வெறும் பின்னணி, மழை மாதிரி. எனக்கோ, திரும்பத் திரும்பப் படிக்கையில் அவர்கள்மேல்தான் கண் நிற்கிறது. வாடி, அடுத்த பஸ் வரும்வரை நானும் நிற்கிறேன் என்று ஒருத்தி சொல்லியிருந்தால் கதை இல்லை. அதைவிட முக்கியம், மறுநாள். மறுநாள் அவள் வகுப்புக்கு வந்தாளா, பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், வருகைப் பதிவு குறைந்ததற்கு என்ன காரணம் எழுதிக் கொடுத்தாள், பரீட்சை எழுதினாளா? தமிழில் இந்த மறுநாளை யாரும் எழுதவில்லை. நமது சினிமாவில் அவள் அன்றிரவே செத்துப்போவாள், அண்ணன் பழிவாங்கக் கிளம்புவான். இலக்கியம் அவளை உயிரோடு விட்டது, ஆனால் வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பவில்லை. அண்ணா பல்கலைக்கழக வழக்கில், அந்த மாணவியிடம் கட்டணம் வாங்காதே, மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய், அவர் படித்து முடிக்கட்டும் என்று உயர் நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட்டது. அந்த மறுநாளைப் பற்றி நான் படித்த முதல் பத்தி அந்த உத்தரவில்தான் இருக்கிறது.