சூனியம் என்னும் சொல்லும் விக்கா நெறியும்: சில பிழைக்கருத்துகளின் மறுமதிப்பீடு

முன்னுரை

ஒரு சமயத்தைப் பற்றிய பிழையான கருத்துகள் இரு வாயில்களால் பரவுகின்றன. புறத்தே நிற்போர் அச்சத்தாலும் வெறுப்பாலும் பரப்புவன ஒருவகை. அகத்தே நிற்போர் பெருமிதத்தால் தாமே படைத்துக்கொள்வன மற்றொரு வகை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்ற விக்கா நெறி இவ்விருவகைப் பிழைகளுக்கும் ஒருசேர ஆட்பட்டதாகும். அது சாத்தானை வழிபடும் கூட்டம் என்பது புறத்தார் கூற்று. அது கற்காலந்தொட்டு அறுபடாது வந்த தொல்சமயம் என்பது அகத்தார் பலர் ஒருகாலத்தில் நம்பிய கூற்று. இவ்விரண்டும் சான்றுகளின் முன் நில்லா.

மார்கரெட் மரே, ஜெரால்டு கார்டனர் ஆகிய இருவரின் நூல்களை முதன்மையாகக் கொண்டு இப்பிழைகள் தோன்றிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. அத்துடன், இந்நெறியைத் தமிழில் பேசும்போது நாம் கையாளும் சொற்கள் எவ்வாறு தீர்ப்பை முன்னரே எழுதிவிடுகின்றன என்பதையும் காண முற்படுகிறது.

சொற்களின் சுமை

‘விட்ச்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம் அகராதிகளும் மொழிபெயர்ப்புகளும் ‘சூனியக்காரி’ என்றே பொருள் தருகின்றன. தமிழ் விவிலியத்தின் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் இச்சொல் கொலைத் தண்டனையோடு சேர்ந்தே இடம்பெறுகிறது. வெறுமை என்னும் பொருளுடைய வடசொல்லாகிய ‘சூனியம்’, தமிழ் வழக்கில் செய்வினை, ஏவல், பில்லி ஆகியவற்றின் இனமாகிப் பிறருக்குக் கேடு சூழ்தலையே குறிக்கலாயிற்று. ஆகவே விக்கா நெறியினரைச் சூனியக்காரர் என்று எழுதிய அளவிலேயே, அவர்கள் பிறர்க்குத் தீங்கிழைப்போர் என்னும் முடிவு கருத்தாராய்ச்சி இன்றியே நிலைபெற்றுவிடுகிறது.

‘பேகன்’ என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. நாட்டுப்புறத்தார் என்னும் பொருளில் வழங்கிய ‘பாகானுஸ்’ என்னும் இலத்தீன் சொல், கிறித்தவம் பரவிய காலத்தில் அதனை ஏலாதாரைக் குறிக்கும் இழிசொல்லாயிற்று. இச்சொல்லின் கருத்து தமிழ்நிலத்திற்கும் வந்தது. தரங்கம்பாடி அச்சகத்தில் 1713இல் அச்சிடப்பெற்ற சீகன்பால்குவின் ‘அக்கியானம்’ என்னும் சிறுநூல், தமிழரின் வழிபாட்டு மரபுகளையே அஞ்ஞானம் எனக் கண்டிப்பது. அவ்வாறு பெயரிடப்பட்ட மக்களின் மொழியைப் பயில்வோர், பிறர் வழிபாட்டிற்குப் பெயரிடுகையில் கூடுதல் கவனம் கொள்ளுதல் முறையாகும்.

‘விக்கா’ என்னும் பெயரிலும் ஒரு பிழை ஒட்டியுள்ளது. ‘அறிவுடையோர்’ என்பது இதன் வேர்ப்பொருள் என இந்நெறியினர் பலர் கூறுவர். பழைய ஆங்கிலத்தில் ‘விக்கா’ என எழுதப்பட்ட சொல் மந்திரம் செய்யும் ஆணையும், ‘விக்கெ’ என எழுதப்பட்டது பெண்ணையும் குறித்தன. அவற்றில் எழுத்து ககரமாயினும் ஒலிப்பு சகரமே. அறிவைக் குறிக்கும் வேரோடு இவற்றை இணைப்பது ஒலியொப்புமை கருதி எழுந்த மக்கட் சொற்பிறப்பியல் என்பதே மொழியியலார் கருத்து. இதில் வேறோர் உண்மையும் உண்டு: இச்சொல்லின் முதல் வடிவம் ஆண்பால் உடையது. இந்நெறி பெண்டிர்க்கு மட்டும் உரியது என்னும் எண்ணமும் பொருந்தாது. கார்டனர் அமைத்த வழிபாட்டில் பூசாரினியும் பூசாரியும் இணைந்தே சடங்காற்றுவர். பெண்கள் மட்டுமே கூடும் கிளைகள் 1970களில் அமெரிக்காவில் தோன்றியவை.

சாத்தானும் கொம்புடைத் தெய்வமும்

விக்கா நெறியினர் பொதுவாகப் பெருந்தேவி ஒருத்தியையும் கொம்புடைத் தெய்வம் ஒன்றையும் வழிபடுகின்றனர். பிற்கூறிய தெய்வத்தின் கொம்புகளே சாத்தான் வழிபாடு என்னும் ஐயத்திற்கு வித்திட்டன. ஆனால் சாத்தான் என்னும் கருத்து கிறித்தவ இறையியலின் ஓர் உறுப்பு. ஒரே கடவுளும் அவரை எதிர்க்கும் தீயசக்தியும் என்னும் கட்டமைப்பை ஏற்போரே சாத்தானை நம்பவோ வணங்கவோ இயலும். அக்கட்டமைப்பையே ஏலாத ஒரு நெறியில் அவனுக்கு இடமில்லை. 1966இல் ஆன்டன் லாவே அமெரிக்காவில் தொடங்கிய ‘சர்ச் ஆஃப் சேட்டன்’ முற்றிலும் வேறான அமைப்பாகும். கொம்புடைய தெய்வ உருவங்களோ கிரேக்கத்தின் பான், கால் நாட்டின் கெர்னுன்னோஸ் எனக் கிறித்தவத்திற்கு முன்பே உள்ளவை.

பிறர்க்குத் தீங்கு நேராதவரை ஒருவர் தம் விருப்பப்படி ஒழுகலாம் என்பதே இந்நெறியின் பரவலாக அறியப்பட்ட அறக்கோட்பாடு. உயிர்ப்பலி இதன் சடங்குகளில் இல்லை. ஐங்கோண விண்மீன் குறியும் அச்சத்திற்குரியதன்று. அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை 2007இல் படைவீரர் கல்லறைகளில் பொறிக்கத்தக்க சமயச் சின்னங்களுள் ஒன்றாக அதனை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னரே 1986இல், சிறைக்கைதி ஒருவர் தொடுத்த வழக்கில், அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று விக்காவைச் சமயம் என ஒப்புக்கொண்டிருந்தது.

எல்லாப் பேகன் நெறிகளும் விக்காவே என்று கருதுவதும் பிழை. துருயிதர் மரபைப் பின்பற்ற முனைவோரும், வடபுல ஜெர்மானியத் தெய்வங்களை வழிபடுவோரும் தனித்தனி நெறியினர். ஐஸ்லாந்தில் 1972இல் தொடங்கி 1973இல் அரசின் ஏற்பைப் பெற்ற ஆசத்ரு அமைப்பு பின்னவர்க்கு எடுத்துக்காட்டு. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் தம்மைப் பேகன் என்றும், சுமார் 13,000 பேர் விக்கா என்றும் தனித்தனியே பதிந்துள்ளமை இவ்வேறுபாட்டைக் காட்டும்.

மரேயின் ஆய்வும் கார்டனரின் நூலும்

தொன்மை பற்றிய பிழை எவ்வாறு தோன்றியது என்பது அடுத்த வினா. இதற்கு விடை ஒரு கல்வியாளரின் நூலில் உள்ளது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் எகிப்தியவியல் அறிஞரான மார்கரெட் மரே 1921இல் ‘தி விட்ச்-கல்ட் இன் வெஸ்டர்ன் யூரோப்’ என்னும் நூலை வெளியிட்டார். சூனிய வழக்குகளில் தண்டிக்கப்பட்டோர் உண்மையில் கிறித்தவத்திற்கு முந்தைய வளமைச் சமயம் ஒன்றை மறைவாகப் பேணியவர் என்பதே அந்நூலின் கருத்து. ஒப்புதல் வாக்குமூலங்களில் வரும் சாத்தான், தெய்வ வேடம் பூண்ட மனிதனே என்று அவர் விளக்கினார். 1929இல் ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா’வில் அவரே எழுதிய கட்டுரை இக்கருத்தை முடிந்த முடிபாகவே வழங்கிற்று.

மரேயின் சான்றுகள் பெரும்பாலும் நீதிமன்ற வாக்குமூலங்கள். சித்திரவதையாலும் வற்புறுத்தலாலும் பெறப்பட்ட சொற்களை நேரிய சாட்சியமாகக் கொண்டது முதற்குறை. அவர் மேற்கோள் காட்டிய முறை இன்னும் பெருங்குறையுடையது. நார்மன் கோன் 1975இல் மூலங்களோடு ஒப்பிட்டுக் காட்டியதுபோல, வானில் பறத்தல், விலங்காக உருமாறுதல் போன்ற நம்பவியலாப் பகுதிகளை விடுத்து, இயல்பாகத் தோன்றும் பகுதிகளை மட்டும் மரே எடுத்துத் தந்தார். ஒரு பாட்டின் இடையடிகளை நீக்கிவிட்டு எஞ்சியவற்றுக்கு உரை வகுப்பதனை ஒத்த செயல் இது. கீத் தாமஸ் உள்ளிட்ட வரலாற்றாசிரியர்களும் மரேயின் கொள்கையை ஏற்றிலர்.

ஆயினும் அக்கொள்கை வரலாற்றுத் துறையில் வீழ்வதற்கு முன்பே ஒரு சமயத்தின் அடித்தளமாகிவிட்டது. ஜெரால்டு கார்டனர் (1884–1964) இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் போர்னியோவிலும் பணிபுரிந்து, மலாயாவில் சுங்க அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மலாய் மக்களின் கிரிஸ் என்னும் குத்துவாளைப் பற்றி 1936இல் நூல் எழுதியவர். இங்கிலாந்து திரும்பியபின், 1939இல் நியூ பாரஸ்ட் பகுதியில் மறைவாக இயங்கிய குழு ஒன்றில் தாம் தீக்கை பெற்றதாக அவர் கூறினார். பழைய சூனியத் தடைச்சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் மரேயின் முன்னுரையுடன் அவரது ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ வெளிவந்தது.

அந்நூலின் எடுத்துரைப்பு முறை நுணுகி நோக்கத்தக்கது. கார்டனர் ஒரே வேளையில் ஆய்வாளராகவும் உறுப்பினராகவும் பேசுகிறார். ஆய்வாளர் என்ற நிலையில் தொன்மையை உறுதிப்படுத்துகிறார். சான்று வேண்டும் இடத்தில், உறுப்பினராகச் செய்துகொண்ட மறைகாப்பு உறுதியைச் சுட்டி நின்றுவிடுகிறார். இதனால் எக்கூற்றையும் சரிபார்க்க இயலாத நிலை ஏற்படுகிறது. மரே கார்டனருக்கு முன்னுரை தர, கார்டனர் மரேயின் கொள்கைக்கு வாழும் சான்று தர, ஒன்றையொன்று தாங்கும் இரு நூல்களுக்கும் புறத்தே தனிச்சான்று ஏதும் இல்லை.

சடங்கு நூல்களின் மூலங்கள் பின்னர் வெளிப்பட்டன. ‘புக் ஆஃப் ஷேடோஸ்’ எனப்படும் கையேட்டை ஒவ்வொருவரும் கைப்படப் படியெடுத்துக்கொள்வது மரபு. ஏட்டுச்சுவடிகளைப் போலவே அதிலும் பாடவேறுபாடுகள் மிகுதி. 1953இல் கார்டனரிடம் தீக்கை பெற்ற டோரீன் வாலியன்ட், அதில் அலிஸ்டர் குரோலியின் எழுத்துகள் இருப்பதை அடையாளங்கண்டு, அவற்றுள் பலவற்றை நீக்கித் தாமே புதிதாக எழுதிச் சேர்த்தார். சார்லசு லேலண்ட் 1899இல் வெளியிட்ட ‘அராடியா’வின் தாக்கமும் அதில் உண்டு. இம்மூலங்களை விரிவாக ஆராய்ந்த ரொனால்டு ஹட்டன், ‘தி டிரையம்ப் ஆஃப் தி மூன்’ (1999) என்னும் நூலில், புனைவியற் கவிதை, மேசன் சங்கச் சடங்குகள், மந்திரச் சங்கங்கள், நாட்டார் வழக்காற்றியல் ஆகியவற்றின் கூட்டுவிளைவாகவே விக்கா பிறந்தது என நிறுவினார்.

எரிக்கப்பட்டோர் யார்?

தொன்மைக் கொள்கையின் கிளையாக மற்றொரு பிழையும் வளர்ந்தது. ஐரோப்பாவில் தொண்ணூறு இலட்சம் பேர் சூனியப் பழியால் எரிக்கப்பட்டனர் என்பதும், அவர்கள் அனைவரும் விக்காவின் முன்னோர் என்பதும் அக்கருத்து. இவ்வெண்ணின் தோற்றுவாய் 1784ஆம் ஆண்டினது. வோய்க்ட் என்னும் ஜெர்மானியர், குவெட்லின்பூர்க் என்னும் ஒரே நகரின் ஆவணங்களிற் கண்ட எண்ணிக்கையை ஐரோப்பா முழுமைக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கிக் கணக்கிட்டதன் விளைவு அது. நீதிமன்ற ஆவணங்களின் அடிப்படையில் இற்றை ஆய்வாளர் பலர் ஏற்பது ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரையான எண்ணையே. இங்கிலாந்தில் தண்டனை தூக்கே அன்றி எரித்தல் அன்று. அமெரிக்காவின் சேலத்தில் 1692இல் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கற்களால் அழுத்திக் கொல்லப்பட்டார். எரிக்கப்பட்டார் ஒருவரும் இலர்.

எண்ணைக் குறைப்பது கொடுமையைக் குறைப்பதாகாது. இங்கு முதன்மையானது அடையாளம் பற்றிய வினா. கொல்லப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் தம்மைக் கிறித்தவர் என்றே கருதியவர். பலர் தாம் குற்றமற்றவர் என்று இறுதிவரை கூறி மாண்டவர். அவர்களை மறைவான சமயம் ஒன்றின் தியாகிகள் என்பது, அவர்கள் மறுத்த குற்றச்சாட்டை மறுபடியும் மெய்யென ஏற்பதாகும். தண்டித்த நீதிபதியின் கூற்றும், போற்றும் பிற்காலத்தார் கூற்றும் இவ்வொரு புள்ளியில் ஒன்றுபடுகின்றன. இறந்தோரின் சொல் இரண்டிலும் கேட்கப்படவில்லை.

இவ்வேறுபாடு இந்தியாவில் ஏட்டளவினது அன்று. சூனியப் பழிசுமத்தலைத் தடுக்கும் சட்டம் பீகாரில் 1999இலும், ஜார்க்கண்டில் 2001இலும், சத்தீஸ்கரில் 2005இலும், ஒடிசாவில் 2013இலும், இராஜஸ்தானிலும் அசாமிலும் 2015இலும் இயற்றப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொலைக்கான காரணங்களுள் சூனியத்தையும் தனித் தலைப்பாகக் கணக்கிடும் நிலை இன்றும் உள்ளது. ‘டாயன்’ என்றும் ‘டோனஹி’ என்றும் முத்திரை குத்தப்படுவோர் ஆதரவற்ற கைம்பெண்களாகவோ சிறுநிலம் உடையவர்களாகவோ இருத்தல் பெரிதும் காணப்படுவது. அப்பெயரை அவர்கள் தேர்ந்துகொள்ளவில்லை. மறுபுறம், கொல்கத்தாவைச் சேர்ந்த இப்சிதா ராய் சக்ரவர்த்தி 1980களில் தம்மை விக்கா நெறியினர் என வெளிப்படையாக அறிவித்தார். ஒன்று தற்பெயர், மற்றொன்று பழிப்பெயர். இரண்டையும் ‘சூனியக்காரி’ என்னும் ஒரே சொல்லால் எழுதும் தமிழ் இதழியலும் மொழிபெயர்ப்பும் இருசாராருக்கும் தீங்கிழைக்கின்றன. ஒருவரின் வழிபாடு குற்றமாகிறது. மற்றவர் மீதான குற்றம் மெய்போலாகிறது.

புதுமை போலியாகுமா?

ஹட்டனின் முடிவைப் படித்தோர் சிலர், விக்கா புதியது, ஆகவே போலியானது என்று கூறுவர். இதுவும் பிழையே. ஒரு சமயத்தின் வயது அதன் மெய்ம்மைக்கு அளவுகோல் அன்று. 1865இல் வள்ளலார் நிறுவிய சன்மார்க்க சங்கத்தை அதன் இளமை கருதி எவரும் இகழ்வதில்லை. அதன் அருட்கொள்கையையே நோக்குகிறோம். வள்ளலார் தம் நெறிக்குப் பொய்த்தொன்மை தேடவில்லை என்பதும் கருதத்தக்கது. விக்கா நெறியினரிலும் பலர் ஹட்டனின் ஆய்வை ஏற்று, தம் நெறி இருபதாம் நூற்றாண்டினது என்று தயக்கமின்றிக் கூறுகின்றனர். வரலாற்றுத் திறனாய்வினால் ஒரு நெறி அழிவதில்லை. தேவையற்ற சுமை ஒன்றே கழிகிறது. தம் மொழிக்கும் இலக்கியத்திற்கும் சான்று கடந்த தொன்மை கற்பிக்கும் ஆர்வம் நம்மிடையேயும் இருத்தலின், இப்பாடம் நமக்கும் உரியதே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், விக்கா நெறி பற்றிய பிழைகள் அறியாமையால் மட்டும் விளைந்தன அல்ல என்பதும், கற்றோர் நூல்களின் வழியாகவும் அவை வலுப்பெற்றன என்பதும் பெறப்படும். சாத்தான் வழிபாடு என்பதற்கு இறையியற் சான்று இல்லை. அறுபடாத் தொன்மை என்பதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. புதியது போலி என்பதற்கு அளவையியற் சான்று இல்லை.

தமிழில் இந்நெறியைக் குறிக்க ‘விக்கா’ என்னும் அவர்தம் பெயரையே ஒலிபெயர்த்து வழங்குவதும், பழிசுமத்தப்பட்டாரைக் குறிக்குமிடத்துச் ‘சூனியக்காரி’ என்னாது ‘சூனியப் பழி சுமத்தப்பட்டவர்’ என எழுதுவதும் தக்கன. அகராதிப் பணியிலும் மொழிபெயர்ப்புப் பணியிலும் ஈடுபட்டுள்ள தமிழ்த்துறைகள் இவ்வேறுபாட்டைப் பதிவு செய்தல் வேண்டும். பெயரிடும் உரிமை பெயருக்கு உரியவரிடம் இருக்கும்போது சமயம் உண்டாகிறது. அது அண்டை வீட்டாரிடம் செல்லும்போது வழக்கும் கொலையும் உண்டாகின்றன.