சிவப்புத் தண்டும் இரு கரைத் தண்ணீரும்

"சிலோன்ல கிரிப்டோகோரைன்தானே சார் வளரும்? சிவப்புச் செடின்னா இங்கதான் வரணும்" என்றார் சென்னை கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடைக்காரர். ஐரோப்பாவுக்கு நீர்ச்செடி ஏற்றுமதி செய்யும் நாட்டைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

அவர் கையில் இருந்த ரொட்டாலா மக்ராண்ட்ரா தென்னிந்தியாவின் சொந்தச் செடி. அதை நான் மறுக்கவில்லை. கிரிப்டோகோரைன் வென்டிக்கு இலங்கை தாய்மண் என்பதுபோல, மக்ராண்ட்ராவுக்குத் தென்னிந்தியாதான் தாய்மண். ஆனால் பிறந்த இடம் வேறு, வளர்க்கிற கை வேறு.

மக்ராண்ட்ராவுக்கு மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள தண்ணீர் வேண்டும். கார்பனேட் மிகுந்த தண்ணீரில் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் போய் நுனி வெளிறும். சென்னையில் போர் தண்ணீரை நம்ப முடியாததால் ஆர்ஓ தண்ணீர் பிடித்து, அதில் தாதுக்களைத் திரும்பக் கலக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு சிலிண்டர், மே மாத வெயிலுக்கு மின்விசிறி. அண்ணாநகரில் இருக்கும் என் மச்சான் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினார். உழைப்பு பெரிது, செலவும் பெரிது.

கொழும்பிலோ களனி கங்கையிலிருந்து வரும் பைப் தண்ணீரே மென்மையானது. குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்தால் போதும். வாயுவுக்குச் சீனியும் ஈஸ்ட்டும் போட்ட போத்தல். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுத் தொட்டி அப்படித்தான் ஓடுகிறது. அதில் மக்ராண்ட்ராவை நட, நுனியை விரல் நீளத்துக்குக் கத்தரித்து, அடிக் கணுக்களின் இலைகளை நீக்கி, இடுக்கியால் சரிவாக மணலில் செருகவேண்டும். இலையைப் பிடித்தால் கசங்கிவிடும், தண்டைத்தான் பிடிக்கவேண்டும். கணுவில் வெள்ளை வேர் விட்டதும் வெளிச்சத்தைக் கூட்டி, நைட்ரேட்டைக் கட்டுக்குள் வைத்தால் அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி ஏறும். நெளிந்த ஓரங்களோடு அந்த இலைகள் கருஞ்சிவப்பாக மினுங்குவது என்ன வடிவு! சென்னைத் தொட்டிகளிலும் நல்ல சிவப்புக் கண்டேன். இருந்தும் எங்கள் சிவப்பு இன்னும் ஆழம்.

யாழ்ப்பாணத்தைக் காட்டி என்னை மடக்கலாம். சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினம், உண்மைதான். அங்கே இருப்பவர்கள் மக்ராண்ட்ராவை விட்டு, பொறுமைசாலியான ரொட்டாலா ரொட்டுண்டிஃபோலியாவில் தொடங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து பிடித்து மூடிவைத்து, கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் ஆர்ஓ இயந்திரம் இல்லாமலே அது நன்றாக வரும்.