மங்காத்தாவில் தோற்றவர் எவர்?

வெங்கட் பிரபுவின் ‘மங்காத்தா’ (2011), திறமைக்கு இடமின்றி உள்ளே, வெளியே என அதிர்ஷ்டத்தையே நம்பும் சீட்டாட்டத்தின் பெயரைத் தாங்கிய திரைப்படம். கதையிலோ அதிர்ஷ்டத்திற்குப் பங்கில்லை. கிரிக்கெட் சூதாட்டப் பணம் 500 கோடி ரூபாயைக் கவரும் விநாயக், தன்னைத் துரத்தும் காவல் அதிகாரியோடு முன்பே கூடித் திட்டமிட்டவன் என்பது இறுதியில் புலனாகிறது. அவன் சூதாடி அல்லன், சகுனியின் வழிவந்தவன். அஜித்தின் நரைத்த தலையும் எள்ளற் சிரிப்பும் அவ்வஞ்சகத்தை இரசிக்கச் செய்கின்றன, நாமும் இரசித்தோம். ஆயினும் அப்பணத்தை இழந்தவர் எவர் என்பதைப் படம் வினவாமலே கடக்கிறது. வள்ளுவரோ சூதில் வென்றவனையே தூண்டில் விழுங்கிய மீனாகக் காண்கிறார். நாலு நம்பர் எடுப்பது வழக்கமாகிவிட்ட பத்துமலை வட்டாரத்து மாணவர்களோடு இப்படத்தை ஆராய்ந்தோம். ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: “அந்தக் காசைக் கட்டுனவங்க யாரு, ஐயா?”