பெயரும் எல்லையும்: போ லியுங் குக் விசாரணை அறிக்கை

அரசாங்க விசாரணை அறிக்கையொன்றை இலக்கியத் திறனாய்வாளர் எடுத்துக்கொள்ளுதல் பொருந்துமோ என ஐயுறுவாரும் உளர். அறிக்கையும் சொல்லால் ஆயதே. தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் செப்பையும் வினாவையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். ஆதலின், வினவுவோர் எதனை வினவினர், எதனை வினவாது விடுத்தனர் எனக் காண்டல் தமிழ் கற்றார்க்குப் புதிய பயிற்சி அன்று. அந்நோக்கில், ஹாங்காங்கில் 1893ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கையொன்றை ஈண்டு ஆராய்வாம்.

அந்நகரில் ஆங்கிலேயர் ஆட்சி நடந்த காலத்தில், 1878ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சீன வணிகர் சிலர் ஆளுநர் ஜான் போப் ஹென்னசியிடம் விண்ணப்பம் ஒன்று அளித்தனர். பெண்டிரும் சிறுமியரும் கடத்திச் செல்லப்பட்டு விற்கப்படுதலைத் தடுக்க ஓர் அறச்சங்கம் நிறுவ வேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள். இவ்வாறு தோன்றியதே போ லியுங் குக். இச்சங்கம் துப்பறிவோரை அமர்த்திக் கடத்துவோரைத் தேடிற்று. மீட்கப்பட்டவர்க்குத் துங் வா மருத்துவமனையில் இடமளித்தது. அவர்களைப் பெற்றோரிடம் சேர்த்தும் மணம் முடித்தும் வாழ்வு அமைத்தது. இத்துணைப் பணி ஆற்றியும் அதற்குச் சட்டநிலை இருந்ததில்லை. அதனை வழங்க மசோதா எழுந்தபோது சட்டமன்றத்தில் எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தோருள் முதன்மையானவர் வணிகர் கழகத்தின் உறுப்பினரான ஒயிட்ஹெட். ஆளுநர் வில்லியம் ராபின்சன் 1892இல் தனிக்குழு ஒன்றை அமைத்தார். அதன் அறிக்கை, சாட்சியங்களுடன் மறு ஆண்டு அச்சாயிற்று.

அறிக்கையின் தலைப்பே நம் கருத்தை ஈர்க்கின்றது. சங்கத்தைச் சட்டப்படி அமைக்கும் மசோதாவைப் பற்றிய சில பொருள்களை ஆராய்வது எனக் குழுவின் கடமையை அது வரையறுக்கின்றது. ஆராயப்படுவது மசோதா, அடுத்து நிற்பது சங்கம். பெண்டிரும் சிறுமியரும் சங்கத்தின் பெயருக்குள் மட்டுமே இடம்பெறுகின்றனர். சங்கம் சட்டத்துக்கு அடங்காது அதிகாரம் செலுத்துகின்றதோ என்பதே எதிர்த்தோர் ஐயம். அரசின் மேற்பார்வைக்கு உட்பட்ட நற்சங்கம் இஃது என்பதே ஆதரித்தோர் விடை. இரு திறத்தாரும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும் என்றே வழக்காடினர்.

பெயரையும் நோக்குவாம். ஆங்கிலத்தில் இது பெண்டிர், சிறுமியர் பாதுகாப்புச் சங்கம். சீனப் பெயரோ, குழந்தைகளைக் காத்து நல்லோர்க்கு அமைதி தருதல் என்னும் பொருளுடைய தொடரினின்றும் பிறந்தது. 'லியுங்' என்பது நல்லோர் எனப் பொருள்படும். பழைய சீனச் சட்டத்தில் அச்சொல் நற்குடி நிலையினரைக் குறித்து, இழிநிலையினர் எனப்பட்டோரினின்றும் அவரைப் பிரித்தது. ஆங்கிலப் பெயர் பெண்டிர் எல்லாரையும் தழுவுகின்றது. சீனப் பெயர் ஒரு வேலி இடுகின்றது. ஒரு சங்கத்துக்கு இரு பெயர். இரு பெயர்க்கும் எல்லை வேறு.

இவ்வேறுபாடு வெறுஞ்சொல் ஆராய்ச்சி அன்று. சங்கம் தோன்றிய நாளில், 1879இல், தலைமை நீதிபதி ஜான் ஸ்மேல், வீட்டுப் பணிக்காகச் சிறுமியரை விலைக்கு வாங்குதல் அடிமை முறையே என மன்றத்தில் கூறினார். சீன வணிகர் அதனை மறுத்தனர். வறியோர் தம் பெண்மக்களை விற்பது அம்மக்கள் உயிர்பிழைக்க வழி என்றும், அது நெடுநாள் வழக்கம் என்றும் வாதிட்டனர். அச்சிறுமியர்க்கு வழங்கிய பெயர் 'முய் சாய்'. சிறு தங்கை என்பது அதன் பொருள். விலைக்கு வாங்கப்பட்டவளுக்கு உறவுப் பெயர்! கடத்தப்பட்டவள் காக்கப்பட வேண்டியவள். பெற்றோரே விற்றவள் 'தங்கை' என்னும் பெயரால் அவ்வேலிக்குப் புறத்தே நின்றாள்.

குழு தன் கடமைக்கு உட்பட்டவற்றையே ஆராய இயலும், அதனைக் குறைகூறுதல் முறையன்று எனச் சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. சங்கத்தால் மீட்கப்பட்டோர் வாழ்வு பெற்றமையும் மறுக்கற்பாலது அன்று. 1893இல் இயற்றப்பட்ட சட்டம் சங்கத்துக்கு உறுதியான நிலை தந்தது. அந்நிறுவனம் இன்றும் ஹாங்காங்கில் அறப்பணி ஆற்றி வருகின்றது. எனினும், கடமையை வகுத்த சொற்களே பார்வையையும் வகுத்தன என்பதை யாம் மறத்தல் கூடாது. காக்கும் கை யாருடையது என வினவினர். காக்கப்படாதவள் யார் என்பது அவ்வினாவில் அடங்கவில்லை.

அவ்வினாவை ஒருவர் நேரே எழுப்பப் பல்லாண்டு சென்றது. 1923இல் புதிதாக முய் சாய் வைத்தலைச் சட்டம் தடுத்தது. பின்னர், ஹாங்காங்கிலும் மலாயாவிலும் இவ்வழக்கத்தை ஆராய்ந்த ஆணையம் 1937இல் அறிக்கை வெளியிட்டது. அதில் எடித் பிக்டன்-டர்பர்வில் என்னும் பெண் உறுப்பினர் தனித்து மாறுபட்ட அறிக்கை எழுதினார். முய் சாய் என்னும் பெயர் பெற்றவரை மட்டுமன்றி, பிறர் கைக்கு மாற்றப்பட்ட சிறுமியர் அனைவரையும் காத்தல் வேண்டும் என்பது அவர் முடிபு. பெயரை மாற்றிச் சட்டத்தினின்றும் தப்பும் வழியை அடைக்க முயன்றது அவ்வறிக்கை.

ஆவணங்களை ஆராயும் மாணவர் பெரும்பாலும் முடிபுரையை மட்டும் படித்து அமைவர். முடிபுரைக்கு முன்னே வினா நிற்கின்றது. வினாவுக்கு முன்னே பெயர் நிற்கின்றது. பெயர் இட்ட வேலிக்குப் புறத்தே நின்றவரைத் தேடிக் காண்டலும் ஆய்வாளர் கடமை என்பது எம் துணிபு.