கோழிக்கூண்டும் ஏரிக்கரையும்

மார்க்வெஸ் 1968இல் எழுதிய இரு கதைகளைச் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒன்றில் சிறகு முளைத்த கிழவன் சேற்றில் விழுகிறான்: உயிரோடு, நாற்றத்தோடு, புரியாத பாஷையோடு. கோழிக்கூண்டில் அடைத்து ஐந்து சென்ட் கட்டணம் வசூலிக்கிறார்கள். அந்தப் பணத்தில் மாடிவீடு எழும்புகிறது. மற்றதில் கரையொதுங்கிய அழகிய பிணம். அதற்குப் பெயர் வைத்து, உறவு கற்பித்து, ஊரே அழுகிறது. பிணம் எதையும் கேட்பதில்லை. கருணைக்கு அது வசதி. கிழவன் பறந்துபோகையில் எலிசெண்டா விடும் பெருமூச்சு, சூட்டுக்கோலைவிடக் கொடூரமாக எனக்குப் படுகிறது.

புதுமைப்பித்தன் 1943லேயே வேறு வழி கண்டார். கந்தசாமிப் பிள்ளை கடவுளை வீட்டுக்கு அழைத்துப்போகிறார். ஜீவிய சந்தாவும் கேட்கிறார். கொடுக்கல் வாங்கல் உள்ள இடத்தில் அந்நியன் காட்சிப்பொருளாவதில்லை.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஏரிக்கரைகளில் இருளர்கள் வாழ்கிறார்கள். திருட்டு வழக்குக்கு ஆள் கிடைக்காதபோது பிடித்துப் போகப்பட்டவர்கள் அவர்கள். பிரபா கல்விமணி திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அமைத்ததற்கு இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் போலீசார்மீது நான்கு இருளப் பெண்கள் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார்கள்.

நம் மாய யதார்த்தக்காரர்களுக்கு இருளரிடம் தெரிவது பாம்பும் மூலிகையும். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் இருளன் அவர்கள் பக்கங்களில் வருவதில்லை. அதிசயப்படுவதும் வேடிக்கை பார்ப்பதுதான். மார்க்வெஸ் கூண்டையும் கட்டணத்தையும் சேர்த்தே எழுதினார். நம்மவர்கள் சிறகை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சீட்டு வாங்கி நிற்கும் கூட்டத்தில் எழுதுகிறவன் எங்கே நிற்கிறான் என்பது கதைக்குள்ளேயே தெரிந்தாக வேண்டும்.